முத்தியால்பேட்டை குடும்பம் (புதுச்சேரி, வாட்ஸ்அப் குழு): சனிக்கிழமை மாடியில் என்ன படம்?

நிவி: பெரியப்பாவுக்கு 70. சனி ராத்திரி மாடியில் படம். ப்ரொஜெக்டர் என் தோழி வீட்டிலிருந்து வருகிறது. திரைக்கு தாத்தாவின் எட்டு முழ வேட்டி. படம் எது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அம்மா: சிவாஜி படம் ஏதாவது

அத்தை: ஆமாம்

பெரியப்பா: என் பிறந்தநாள், என் படம். ‘இல்லுசியோன் பெர்த்யூ’. 2021.

சித்தப்பா (சார்செல், பாரிஸ் அருகே): தமிழில் சொல்லுங்கள் அண்ணா

பிரபு: அப்பா, நீங்கள் பிரான்ஸ் வந்து 30 வருடம் ஆகிறது 😂

பெரியம்மா: எத்தனை பேர்? பரோட்டா சொல்ல வேண்டும்.

பெரியப்பா: ‘கலைந்த மாயைகள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1837 முதல் 1843 வரை மூன்று பாகமாக வெளியிட்ட நாவல். இயக்கியவர் க்சாவியே ஜியனோலி. 2022இல் சிறந்த படம் உட்பட 7 செசார் விருது (பிரான்சின் பெரிய சினிமா விருது) வாங்கியது. கதை 1820களில். அங்குலேம் என்ற ஊரில் லூசியன் என்று ஒரு பையன். அச்சகத்தில் வேலை, கவிதை எழுதுவான். அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா உயர்குடி. அப்பா வழிப் பெயர் ஷார்தோன், அதற்கு முள்செடி என்று அர்த்தம். அதை உதறிவிட்டு அம்மா வழியில் ‘தெ ரூபாம்ப்ரே’ என்று போட்டுக்கொள்கிறான். உயர்குடிப் பெயருக்கு முன்னால் வரும் அந்த ‘தெ’ என்கிற ஒரு எழுத்துக்காகத்தான் பாவம் படம் முழுக்க அலைகிறான்.

அத்தை: நம் பிரபு ஆபீசில் ‘பத்ரிஸ்’ என்று போட்டுக்கொண்ட மாதிரியா

பிரபு: அத்தை, அவர்களுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான்

அத்தை: சரி பத்ரிஸ்

நான்: காதல் உண்டா பெரியப்பா?

பெரியப்பா: அதுதானே படமே. அந்த ஊர்ப் பெரிய வீட்டு அம்மாள் லூயீஸ், கல்யாணமானவள், வயதில் மூத்தவள். கவிதையைக் கேட்டு மயங்கி இவனைப் பாரிசுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே ஒபேராவில் இவன் போட்ட சட்டையைப் பார்த்தே எல்லாரும் சிரிக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் மகன் என்று தெரிந்ததும் அந்த அம்மாளும் கைவிட்டுவிடுகிறாள். யார் யாரை மயக்கினார்கள் என்று கடைசிவரை சொல்ல முடியாது. அவனுக்கு அவள் மேல் ஆசைதான், பொய் இல்லை. ஆனால் அவள் பின்னால் ஒரு மாடிப்படியும் தெரிகிறதே!

அத்தை: பெரிய வீட்டுப் பெண், பாரிஸ் பயணம்... எங்கேயோ கேட்ட கதை 🤭

சித்தப்பா (சார்செல்): அக்கா

அத்தை: நான் யார் பெயரையும் சொல்லவில்லையே தம்பி

சித்தப்பா (சார்செல்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிவி: என்ன போட்டார்? யாராவது பார்த்தீர்களா?

அம்மா: பேச்சை மாற்று நிவி

சித்தி (சார்செல்): மாற்ற வேண்டாம் அக்கா. என் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை கார்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் இவர் என்னைக் கட்டினார் என்று 94இலிருந்து கேட்கிறேன். புதிதாக ஏதாவது சொல்லுங்கள்.

பெரியம்மா: விமலா, அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள். உனக்குப் பரோட்டாவா இடியாப்பமா?

சித்தி (சார்செல்): இடியாப்பம்

பெரியப்பா: கார்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1962 ஆகஸ்ட் 16இல், பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விமலாவின் அப்பா கொடுத்தார், நம் அப்பா கொடுக்கவில்லை. கொடி இறங்கிய பிறகு எதற்கு என்று

அத்தை: எதற்கு என்று எல்லாம் சொல்லவில்லை. மறந்துவிட்டார். அம்மா சாகும்வரை அதைச் சொல்லித்தான் திட்டினாள்.

பெரியப்பா: கொள்கை.

அத்தை: மறதி.

நான்: படத்துக்கு வாருங்கள் 🙏

பெரியப்பா: வருகிறேன். கைவிடப்பட்டவன் பத்திரிகையில் சேர்கிறான். லூஸ்தோ என்று ஒருவன் (வின்சன் லக்கோஸ்த், அதற்கும் செசார் வாங்கினார்) தொழில் சொல்லித்தருகிறான். எந்தப் புத்தகத்தையும் திட்டலாம். உருக்கமாக இருந்தால் அழுமூஞ்சி என்று எழுது, சிரிக்க வைத்தால் ஆழமில்லை என்று எழுது, அறிவாக இருந்தால் அலட்டல் என்று எழுது. காசு வந்தால் இதையே திருப்பிப் போட்டுப் புகழ்.

பிரபு: நம் குழுவில் அத்தை செய்வது

அத்தை: 😡

பெரியப்பா: நாடகக் கொட்டகையில் சிங்காலி என்று ஒருவன். கூலிக்குக் கைதட்ட ஆள் வைத்திருக்கிறான். காசு கொடுத்தால் தட்டுவான், எதிராளி கூடுதலாகக் கொடுத்தால் ஊளையிடுவான். நிஜமாகவே அங்கே இருந்த தொழில் அது, ‘கிளாக்’ என்பார்கள். அதில் நடித்த ஸ்தெவெனன், படம் வெளிவரும் முன்பே இறந்துபோனார். அவர் முகத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள், அந்த

பெரியப்பா: குரல் செய்தி (6:40)

நிவி: 🏃‍♀️

அம்மா: குழந்தைகளோடு பார்க்கலாமா அதைச் சொல்லுங்கள்

பெரியப்பா: இரண்டு மூன்று இடம் உண்டு. கோராலி என்று ஒரு நடிகை. இவனை உண்மையாக விரும்பியது அவள்தான்.

அம்மா: அப்படியென்றால் சிவாஜி

பிரபு: ரிமோட் என்னிடம் இருக்கட்டும், தள்ளிவிடுகிறேன்

அத்தை: நீ தள்ள மாட்டாய்

நிவி: ஆங்கில சப்டைட்டில்தான் இருக்கிறது

பெரியப்பா: நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

நான்: படம் 2 மணி 29 நிமிடம் பெரியப்பா

பிரபு: இவர் சொன்னால் ஞாயிறு காலை ஆகிவிடும்

சித்தப்பா (சார்செல்): கடைசியில் அந்தப் பையன் என்ன ஆகிறான்?

பெரியப்பா: பெயருக்காகக் கட்சி மாறி அரசர் பக்கப் பத்திரிகைக்குப் போகிறான். பழைய நண்பர்கள் கிழிக்கிறார்கள், புதியவர்கள் கூப்பிட்டுக் கழுத்தறுக்கிறார்கள். கடன். கோராலி சாகிறாள். பையன் ஊருக்கே திரும்புகிறான்.

சித்தப்பா (சார்செல்): ம்

சித்தி (சார்செல்): இவர் திரும்ப மாட்டார். இங்கே வீட்டுக் கடன் இன்னும் 4 வருடம் இருக்கிறது.

அத்தை: 😂😂 விமலா

சித்தி (சார்செல்): எனக்கு அந்தப் படம் சரி. அண்ணி என் பக்கத்தில் உட்காரட்டும்.

அத்தை: நான்தானே? வருகிறேன். பாரிஸ் லாஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அந்த நெத்திலிக் கருவாடு கிடைத்தால் வாங்கி வா

பிரபு: புதுச்சேரிக்குப் பாரிசிலிருந்து கருவாடா!

பெரியம்மா: சனிக்கிழமை மழை என்கிறார்கள்

நிவி: மழை வந்தால் கூடத்தில். ஆனால் அங்கே வேட்டியை எதில் கட்டுவது?

பெரியப்பா: தாத்தா படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் கட்டலாம்.

அத்தை: அப்பா படத்தைக் கழற்றவா? யார் கழற்றுகிறார்கள் பார்க்கிறேன்

அம்மா: சிவாஜி படமும் ஒரு பென் டிரைவில் போட்டு வை நிவி

பெரியம்மா: பரோட்டா 40 சொல்லிவிட்டேன். இடியாப்பம் விமலாவுக்கு மட்டுமா, வேறு யாருக்காவதா?