குளவியைப் பிடித்தேன், சிலந்தியைக் கோட்டை விட்டேன்

தீவுக்கு வந்த முதல் வாரம். வராந்தாச் சுவரில் கால் விரித்தால் உள்ளங்கை அகலம் வரும் ஒரு சிலந்தி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால் அது ஏறவில்லை, ஒரு கறுப்புக் குளவி அதன் காலைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து அதை இழுத்துப் போகிறது. இரண்டடி போனதும் சிலந்தியை ஓரிடத்தில் விட்டுவிட்டு, இறக்கையைப் படபடவென்று உதறியபடி சுவர் முழுக்க ஓடுகிறது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரி மறுபடி வந்து தொட்டுப் பார்க்கிறது, அப்புறம் மறுபடி இழுவை. சுமார் நாற்பது படம் எடுத்தேன்.

தப்பு பண்ணியது அன்று ராத்திரிதான். சிலந்தியோடு இருந்த படங்கள் எல்லாம் ஆடிப்போயிருந்தன என்று அழித்துவிட்டு, குளவி தனியாக இலையில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு நல்ல படத்தை, உயிரினப் படங்களைப் போட்டால் மற்றவர்கள் பெயர் கண்டுபிடித்துச் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினேன், சிலந்தி பிடிப்பதால் மண்கூட்டுக் குளவி என்று பெயரும் போட்டேன். காலையில் ஒருவர் திருத்தியிருந்தார்: மண்கூட்டுக் குளவிக்கு இடுப்பு நூல் மாதிரி நீண்டிருக்கும், ஒரே அறைக்குள் சின்னச் சின்னச் சிலந்திகளாகப் பலவற்றை அடைக்கும், இது பொம்பிலிடே, அதாவது சிலந்தி வேட்டைக் குளவிகளின் குடும்பம், ஒரு பிள்ளைக்கு ஒரு சிலந்திதான். கடைசியில் ஒரு கேள்வி: "பிடித்தது எந்தச் சிலந்தி?" என்னிடம் பதில் இல்லை.

•

உங்கள் கதைதான் எனக்கும், கொஞ்சம் வேறு மாதிரி. நான் நிறத்தை நம்பி ஏமாந்தேன். கறுப்பு உடல், வயிற்றின் நுனி செம்மஞ்சள், நீலம் அடிக்கும் கருத்த இறக்கை, உடனே டாக்கிபொம்பிலஸ் அனாலிஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். 1781-லேயே பூச்சியியலாளர் பாப்ரீசியஸ் பெயர் வைத்த இனம், ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் பரவலாக இருக்கிறது, ஹவாய்க்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதே நிறச் சட்டை போட்ட குளவிகள் வேறும் உண்டு, நிறத்தை மட்டும் காட்டினால் விவரம் தெரிந்தவர்கள் பேரினத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதுகுப் பக்கமாக முப்பது படம் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கவாட்டில் ஒன்று வேண்டும், நெஞ்சின் பக்கத்தில் குறுக்காக ஓடும் பள்ளக்கோடு இந்தக் குடும்பத்துக்கே அடையாளம். பின்னங்கால் முட்கள், இறக்கை நரம்புகள், இரண்டும் தெளிவாக விழ வேண்டும்.

ஒருமுறை ஜன்னல் ஓரம் செத்துக் கிடந்த ஒன்றை லென்ஸில் வைத்து உணர்கொம்புக் கணுக்களை எண்ணினேன். 12, அதனால் பெண். ஆணுக்கு 13. பெண்ணின் கொம்பு கடிகாரச் சுருள் மாதிரி சுருண்டிருக்கும். உயிரோடிருப்பதைக் கையால் பிடித்து எண்ணலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இதே குடும்பத்து பெப்சிஸ் குளவியின் கொட்டுக்குப் பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட், பூச்சிக் கொட்டுகளை ஒப்பிடும் தன் வலி அளவுகோலில் 4 கொடுத்தார், அதற்கு மேல் அந்த அளவுகோலில் எண்ணே இல்லை.

•

இரை விஷயத்தில் நானும் ஒன்று சொல்கிறேன். நான் பார்த்தது சின்னக் குளவி, அது தூக்கிப் போன சிலந்திக்குப் பாதிக் கால்கள் இல்லை. ஏதோ விபத்து என்று நினைத்தாலும் குறிப்பில் "கால் இல்லாத சிலந்தி" என்று எழுதிவைத்தேன். அந்த ஒரு வரிதான் இதே குடும்பத்து ஆப்லோபஸ் பேரினத்தின் பக்கம் கொண்டுபோனது, தூக்க வசதியாகக் காலை வெட்டிவிட்டு, பீப்பாய் மாதிரியான குட்டி மண் அறைக்குள் வைக்கிற கூட்டம் அது. "கொட்டக் கொட்டக் குளவியாகும்" என்று புழுவைப் பற்றிச் சொல்வார்கள் அல்லவா, உள்ளே நடப்பது வேறு: சிலந்தி சாகாமல் மரத்துப்போய்க் கிடக்கும், முட்டையிலிருந்து வரும் புழு முக்கிய உறுப்புகளைக் கடைசிக்கு வைத்துவிட்டு மற்றதைத் தின்னும்.

இன்னொன்று, பதியும்போது தீவுக்கூட்டத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள், எந்தத் தீவு என்று எழுதுங்கள். பக்கத்துத் தீவில் இருப்பது இங்கே இல்லாமல் இருக்கலாம், கப்பல் சரக்கோடு புதிதாக வந்ததாகவும் இருக்கலாம், தேதி இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

•

முதலில் எழுதியவன்தான். நேற்று மறுபடி அதே சுவர். குளவி சிலந்தியைக் கீழே போட்டுவிட்டுப் பொந்து தேடப் போயிருந்தது. ஒரு புல்லால் சிலந்தியின் காலைத் தொட்டேன், நுனி லேசாக அசைந்தது. முகத்தை நெருங்கி எடுத்தேன்: இரண்டு வரிசையில் எட்டுக் கண், கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி வெளிர்மஞ்சள் பட்டை. ஹெட்டிரோபோடா வெனடோரியா என்ற வேட்டைச் சிலந்தி என்று பத்து நிமிடத்தில் உறுதி செய்துவிட்டார்கள். குளவி திரும்பி வந்ததும் வீடியோ போட்டேன். சிலந்தி கண்ணாடி மாதிரி தெளிவு, குளவிக்குத்தான் பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே.