ஆஷிங்டன்: சுரங்கம் மூடிய பிறகு ஓர் ஊரில் என்ன மிஞ்சுகிறது?

தேன்மொழி (கேள்வி)

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஸ்டீவ் ஹார்மிசனையும் மார்க் வுட்டையும் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பதைச் சமீபத்தில்தான் கவனித்தேன். வடகிழக்கு இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்தில் உள்ள ஆஷிங்டன். தேடிப் பார்த்தால் 1966இல் கால்பந்து உலகக் கோப்பை வென்ற பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் சகோதரர்களும் அங்கேதான் பிறந்திருக்கிறார்கள், நியூகாசில் அணியின் ஜாக்கி மில்பர்னும் அதே ஊர்தான். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய நிலக்கரிச் சுரங்கக் கிராமம் என்று பெயர் வாங்கிய இடமாம்.

நான் படித்த கட்டுரைகள் எல்லாம் சுரங்கம் வந்தது, பிரதமராகத் தாட்சர் வந்தார், சுரங்கம் மூடியது என்று முடிந்துவிடுகின்றன. நடுவில் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இப்போது அங்கே என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சில பண்ணைகள்தான். பூமிக்கு அடியில் கரி இருந்தது, வெட்ட ஆள் இல்லை. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களும் மற்ற பகுதிகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் குடியேறினார்கள், அவர்களுக்காக நீள நீளமாக ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள் கட்டினார்கள். தெருக்களுக்குப் பெயர்கூட முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று எண்ணிக்கையில்தான். வேலை, வீடு, அடுப்புக்குக் கரி எல்லாம் கம்பெனி கையில் இருந்ததால் வேலை போனால் கூரையும் போகும் என்ற பயம் எப்போதும் இருந்தது.

அந்தப் பயத்துக்கு எதிராகத்தான் அங்கே எல்லாம் சங்கமாக வளர்ந்தது என்று நான் நினைக்கிறேன். பக்கத்திலேயே ஹார்ட்லி என்ற இடத்தில் 1862 ஜனவரியில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து சுரங்கத்துக்குள் விழுந்தது, உள்ளே போகவும் வெளியே வரவும் இருந்தது அந்த ஒரே வாய்தான், அது அடைபட்டு 204 பேர் செத்தார்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். எந்தச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி இருக்க வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. 204 உயிர் போன பிறகுதான் வந்தது என்பதை அந்த வட்டாரச் சுரங்கக்காரர்கள் மறக்கவே இல்லை. அவர்களுடைய சங்கச் செயலாளராக இருந்த தாமஸ் பர்ட், பத்து வயதில் சுரங்கத்துக்குள் போனவர், 1874இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அந்த நாட்டில் தொழிலாளர் வர்க்கத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன முதல் இருவரில் அவர் ஒருவர்.

விளையாட்டுக்கு வருவோம். 1920இல் வந்த சட்டப்படி, வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு பென்னி என்று முதலாளிகளிடம் வசூலித்து ஒரு நல நிதி உருவாக்கினார்கள். இங்கிலாந்தின் சுரங்க ஊர்களில் விளையாட்டு மைதானம், மன்றம், சுரங்க வாசலிலேயே குளியலறை என்று நிறைய விஷயங்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை. ஒரு ஊரில் இத்தனை வீரர்கள் வந்ததற்கு ரத்தத்தில் இருந்தது என்று சொல்பவர்கள் முதலில் இந்த மைதானங்களைப் பார்க்க வேண்டும்.

மெர்சி

கதிரவன் சார் சொன்னதில் பெண்கள் இல்லையே. 1842 சட்டத்துக்குப் பிறகு பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது, ஆனால் சுரங்கம் அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா ஒரு ஷிப்ட், மூத்த பையன் இன்னொரு ஷிப்ட் என்றால் எந்நேரமும் ஒருவர் கரியோடு வாசலில் நிற்பார், அவருக்குத் தண்ணீர் காய வேண்டும், தகரத் தொட்டியை அடுப்படிக்கு இழுக்க வேண்டும், சாப்பாடு வைக்க வேண்டும், ஈரத் துணியை உலர்த்த வேண்டும். நடுவில் எப்போது தூங்கினார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? சுரங்க வாசலில் குளியலறை வந்ததால் அதிகம் விடுதலை பெற்றது வீட்டுப் பெண்கள்தான் என்பேன்.

சார்ல்டன் சகோதரர்களின் அம்மா சிஸ்ஸி மில்பர்ன் குடும்பத்தில் பிறந்தவர், அவருடைய சகோதரர்கள் நான்கு பேர் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர்கள். பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா சுரங்கத் தொழிலாளி.

பாலாஜி

நான் நியூகாசிலில் இருக்கிறேன், ஆஷிங்டனுக்குப் பலமுறை போயிருக்கிறேன். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது ஓவியர்கள் கதை.

1934இல் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மூலம் ஒரு மாலை வகுப்புக் கேட்டார்கள். ஓவியத்தை ரசிப்பது எப்படி என்று பாடம். ராபர்ட் லயன் என்ற ஆசிரியர் நியூகாசிலிலிருந்து வந்து பழைய இத்தாலிய ஓவியங்களின் படங்களைக் காட்டினார், இவர்களுக்கு அது ஒட்டவே இல்லை. சரி, நீங்களே வரைந்து பாருங்கள் என்று தூரிகையைக் கொடுத்துவிட்டார். பகலில் கரி வெட்டிவிட்டு மாலையில் வந்து அவர்கள் வரைந்தது தங்களுக்குத் தெரிந்ததை: குனிந்தபடி கரி வெட்டும் ஆள், சுரங்கத்துக்குள் இழுக்கும் மட்டக் குதிரை, புறா, நாய்ப் பந்தயம், தோட்டத்தில் லீக்ஸ் செடி (வெங்காய இனக் காய்கறி). ஆலிவர் கில்பர்ன் அவர்களில் பெயர் பெற்றவர். படங்களைத் தனித்தனியாக விற்றுக் காசாக்காமல் குழுவின் பொதுச் சொத்தாகச் சேர்த்து வைத்தார்கள். குழு 1984 வரை இயங்கியது. அந்த ஓவியங்கள் இப்போது வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அதுவும் 1981இல் மூடிய ஒரு சுரங்கத்தின் இடம்தான். 1916 ஆகஸ்டில் 13 பேர் வெடிவிபத்தில் இறந்தது அங்கேதான்.

லீக்ஸ் என்றதும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர்களில் யாருடைய லீக்ஸ் பெரியது என்று ஆண்டுதோறும் மன்றங்களில் போட்டி வைப்பார்கள், என்ன உரம் போடுகிறேன் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். நாள் முழுக்க இருட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்தத் துண்டு நிலமும் வெளிச்சமும் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

தேன்மொழி

மூன்று பேருக்கும் நன்றி. ஓவியங்களை இணையத்தில் பார்த்தேன், அடுப்பங்கரைக் காட்சிகளை வரைந்திருப்பதைப் பார்த்ததும் மெர்சி அக்கா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. மூடிய பிறகு என்ன ஆனது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?

கதிரவன்

1947 ஜனவரி 1இல் சுரங்கங்கள் தேசியமயமானபோது, மக்களின் சார்பில் நிர்வகிக்கப்படுகிறது என்று ஒவ்வொரு சுரங்க வாசலிலும் பலகை வைத்தார்கள். சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடித் தோற்றது. ஆஷிங்டன் சுரங்கம் 1988இல் போனது. பக்கத்து எல்லிங்டன் 2005 ஜனவரி வரை தாக்குப்பிடித்தது, வடகிழக்கின் கடைசி ஆழ்சுரங்கம் அது.

என் கருத்தில் சம்பளம் போனது பாதி இழப்புதான். மன்றம், வாத்தியக்குழு, மாலை வகுப்பு எல்லாம் சம்பளத்திலிருந்து பிடித்த சந்தாவிலும் ஷிப்ட் முடிந்து ஒன்றாக வெளியே வந்த பழக்கத்திலும் நின்றவை. மாற்றுத் தொழில் பேட்டை கட்டினால் வேலை கொஞ்சம் வரும், அந்தக் கூட்டம் திரும்ப வராது.

மெர்சி

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். வேலைநிறுத்த வருடத்தில் நாடு முழுக்கச் சுரங்க ஊர்களில் பொதுச் சமையலறை நடத்தியதும் மேடையேறிப் பேசியதும் நிதி திரட்டியதும் பெண்கள். அவர்களுக்கு ஷிப்ட்டும் இல்லை, சம்பளத்தில் பிடித்த சந்தாவும் இல்லை, இருந்தாலும் கூடினார்கள்.

பாலாஜி

இப்போதைய நிலை: வறுமை இருக்கிறது, மறைக்க வேண்டாம். கடைத்தெருவில் மூடிய கடைகளும் உண்டு. ஆனால் கழிவு மண் குன்று கிடந்த இடம் இன்று ஏரியும் மரங்களுமாகப் பூங்காவாகிவிட்டது. 1964இல் நிறுத்திய பயணிகள் ரயிலை 60 வருடம் கழித்து, 2024 டிசம்பர் 15இல் மறுபடி விட்டார்கள். அதனால் ஊரைவிட்டுப் போகாமலே நியூகாசிலில் படிக்கவோ வேலை பார்க்கவோ முடியும்.

தேன்மொழி, வருவதாக இருந்தால் நியூகாசிலில் ரயில் ஏறுங்கள், ஆஷிங்டன்தான் கடைசி நிலையம், வுட்ஹார்னுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஓவியக் கூடத்துக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவசரமாகப் பார்த்துவிட்டு வரும் இடமில்லை அது.