இலையுதிர்கால பேகன் சடங்குகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செப்டம்பர் 22 அல்லது 23. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் அந்த நாள் பிரிட்டனில் இருக்கும் பேகன்களுக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் புதிதாகப் பின்பற்றுபவர்களுக்கு, பண்டிகை. அவர்களில் விக்கா என்ற நவீன சூனியக்காரி மரபில் இருப்பவர்கள் இதை 'மேபன்' என்பார்கள், பழைய கெல்டிக் பூசாரிகளின் பெயரைச் சூடிய ட்ரூயிட்கள் 'ஆல்பன் எல்வெட்' என்பார்கள். பார்க்கப் போனவர்கள், கலந்துகொண்டவர்கள், வீட்டிலேயே செய்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் ப்ரிம்ரோஸ் ஹில். 'ட்ரூயிட் ஆர்டர்' என்ற அமைப்பு வருடாவருடம் அங்கே உச்சிவேளையில் சடங்கு நடத்துகிறது. கடிகாரம் பகல் ஒரு மணி காட்டும். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பதால், சூரியக் கணக்கில் அதுதான் பன்னிரண்டு. வெள்ளை அங்கியும் தலையை மூடிய துணியுமாக வரிசையில் மேடேறி வந்தவர்கள் வட்டமாக நின்றார்கள். பிறகு திசை திசையாகக் கேட்டார்கள்: கிழக்கில் அமைதி உண்டா? தெற்கில்? மேற்கில்? வடக்கில்? நான்கு பக்கமிருந்தும் "உண்டு" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலை. என் பக்கத்தில் நாயோடு நடக்க வந்த ஒரு பாட்டி, அவருக்கும் அந்த அமைப்புக்கும் சம்பந்தமே இல்லை, ஒவ்வொரு கேள்விக்கும் அந்தந்தத் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றார். நானும் திரும்பினேன்.

இதெல்லாம் நேற்று முளைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. வரலாறு அப்படித்தான் இருக்கிறது. 1792-ல் இதே குன்றில் யோலோ மோர்கானுக் என்ற வேல்ஸ் கவிஞர் கூட்டிய கவிஞர் கூட்டத்தின் சடங்குகள் பெரும்பாலும் அவர் புனைந்தவை. எட்டுப் பண்டிகைகள் கொண்ட ஆண்டுச் சக்கரம் 1950-களில் விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், ட்ரூயிட் வழியில் இருந்த ராஸ் நிக்கல்ஸ் இவர்களைச் சுற்றி உருவானது. மேபன் என்று பெயர் வைத்தவர் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர், அதுவும் 1970-களில். எனக்கு இது குறையாகவே படவில்லை. விளைச்சலுக்கு நன்றி சொல்லவும், வெளிச்சம் குறையத் தொடங்குவதை நாலு பேரோடு சேர்ந்து நின்று ஏற்றுக்கொள்ளவும் மனிதர்களுக்கு வேண்டியிருக்கிறது. வடிவம் புதிது, அவ்வளவுதான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களை பேகன் என்று எழுதியிருக்கிறார்கள்.

மறுமொழி 1

அக்கா, நான் ஸ்டோன்ஹெஞ்ச் போயிருந்தேன், தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் அந்தப் பழைய கல்வட்டத்துக்கு. மற்ற நாளில் பொதுவாகக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். வருடத்தில் நான்கு முறை மட்டும், இரண்டு சம இரவு நாட்களிலும் பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் இருக்கும் இரண்டு கதிர்த்திருப்ப நாட்களிலும், அந்த இடத்தைப் பராமரிக்கும் 'இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்' அமைப்பு விடியலில் கற்களுக்கு நடுவே இலவசமாக விடுகிறது. ஜூன் மாதத்துக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் செப்டம்பரில் ஆள் மிகக் குறைவு. அந்தக் கற்கள் கோடை உச்சியின் உதயத்துக்கும் குளிர்கால அஸ்தமனத்துக்கும் நேராக நிறுத்தப்பட்டவை, சம இரவுக்கு அல்ல. ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் நேர் கிழக்கைப் பார்த்து நின்றார்கள். ஏழு மணிக்குச் சற்று முன் வெளிச்சம் கல்லின் மேல் விழுந்தபோது, அதுவரை சாம்பல் நிறமாகத் தெரிந்த கல்லில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பாசித்திட்டுகள் தெரிந்தன. யாரோ முரசு அடித்தார்கள். சால்வை போர்த்திய ஓர் அம்மா முன்பின் தெரியாத எனக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்தார்.

மறுமொழி 2

என்னோடு வேலை பார்க்கும் தோழி விக்கா வழியில் இருப்பவர். தனியாகவே செய்கிறார், இப்படித் தனியாகச் செய்பவர்கள் நிறைய. போன செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கோதுமைக் கதிர், வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரி, ஓக் விதைகள், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெழுகுவர்த்திகள். ஆப்பிளை நாம் வெட்டுவதுபோல் நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினார். நடுவில் விதை அறைகள் ஐந்தும் சேர்ந்து அச்சு அசலாக நட்சத்திரம். இத்தனை வருஷம் ஆப்பிள் தின்றும் பார்த்ததில்லை. ஒரு பாதியைச் சாப்பிட்டோம், மறுபாதியைத் தோட்டத்து மண்ணில் வைத்தார்.

அதன் பிறகு, இந்த வருஷம் கைக்கு வந்தது என்ன, விட வேண்டியது என்ன என்று கேட்டார். அந்த ஜூலையில்தான் அப்பா தவறியிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை அவர் நடுவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்த யாரும் எனக்கு அவ்வளவு நேரம் தரவில்லை. அந்த ராத்திரிக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி 3

மெல்போர்னிலிருந்து. இங்கே இலையுதிர்காலம் மார்ச்சில் வருகிறது, அதனால் பேகன்கள் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி வைத்து மார்ச் 20, 21 வாக்கில் மேபன் வைக்கிறார்கள். கடைகளில் அப்போது வடக்கு நாடுகளின் வசந்தத்துக்கான ஈஸ்டர் முட்டைகளும் முயல்களும் குவிந்திருக்கும். நாங்கள் போன கூட்டத்தில் யூகலிப்டஸ் கிளைகளைத்தான் மேசையில் வைத்திருந்தார்கள். அதுவோ இலை உதிர்க்காத மரம். திசைகளை அழைக்கும்போதும் நெருப்பை வடக்கில் வைத்தார்கள், இங்கே வெயில் வருவது அந்தப் பக்கமிருந்துதானே.