மெக்சிக்கோவிலிருந்து பனாமா வரை காரில்

வெள்ளவத்தைவாசி: தை மாதம் கனடா மச்சானின் காரில் இரண்டு பேரும் போகிறோம், கொழும்பிலேயே என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பயணி: தம்பி, முதலில் விசாக்களைப் பாருங்கள். குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹொண்டுராஸ், நிக்கராகுவா நான்கு நாடுகளிலும் தங்கச் சேர்த்துத்தான் 90 நாள், தனித்தனியாக இல்லை. காருக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி வேறு, வெளியேறும்போது சுங்கத்தில் அதை ரத்துச் செய்யாமல் வந்தால் அந்தக் காரோடு திரும்ப உள்ளே போவது பெரிய பாடு. பாஸ்போர்ட், லைசன்ஸ், பதிவுப் பத்திரம் எல்லாவற்றிலும் நிறையக் கொப்பி வையுங்கள்.

தெஹிவளை அக்கா: கார் மச்சானின் பெயரில் என்றால், நீங்களும் ஓட்ட அவருடைய அனுமதிக் கடிதம் நொத்தாரிசு ஒப்பத்தோடு ஸ்பானிய மொழியில் கையில் இருப்பது நல்லது. கொஸ்தாரிக்காவில் காப்புறுதி எடுக்காமல் விடமாட்டார்கள்.

வெள்ளவத்தைவாசி: நன்றி அக்கா. அப்புறம் பனாமாவைத் தாண்டிக் கொலம்பியாவுக்கும் காரிலேயே போகலாமா?

பயணி: முடியாது. இரண்டு நாட்டுக்கும் இடையிலுள்ள டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீற்றருக்குப் பாதையே இல்லை, காரைக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும்.