பதில்: அடுப்படி புகை நிதி, கணக்கு கேக்குறவங்களுக்கும் மானம் பாக்குறவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர் வீடுகள்ல விறகு அடுப்புப் புகைய கொறைக்கணும்னு வெளியூர்ல இருக்குற நம்ம ஊர்ச் சங்கத்துக்காரங்ககிட்ட ஆளுக்கு 5000 ரூபா கேட்டதுக்கு வந்த பதிலெல்லாம் படிச்சேன். தோஹா அண்ணன் கணக்கு கேக்குறது நியாயம், நூலகத்துக்கு வாங்குன பணத்துல மிச்சம் எவ்வளவுன்னு இன்னும் யாரும் வாயத் தொறக்கல, அத மொதல்ல வெளிய வைங்க. ஆனா சிங்கப்பூர் மாமா எழுதுனது தான் மனசு ஆறல. "நம்ம ஊர்ல எவன் வீட்ல இன்னும் விறகு எரியுது, ஊர் மானத்த வாங்காதீங்க"ன்னு. மாமா, ஊருக்கு வந்தா நீங்க கோயில தாண்டி தெற்குத்தெரு பக்கம் நடக்குறதே இல்ல.

எங்க அக்கா பங்குனில போயி பாத்துட்டு வந்துச்சு. பெரியத்த வீட்டு அடுப்படி உத்தரத்துல விரல வச்சா கருப்பா பிசுபிசுன்னு ஒட்டுதாம், ஓட்டு இடுக்கு பூரா ஒட்டடையும் கரியும். அத்தைக்கு நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்து அடுப்புகிட்ட போகாதீங்கன்னு சொல்லிருக்காரு, அன்னிக்கு சாயங்காலமே அத்த அடுப்புகிட்ட தான், வேற யாரு ஆக்குவா? நீங்க காலேஜ் போன காலத்துல விடியக்கால பஸ்ஸுக்கு ஊதாங்குழல் ஊதி சோறாக்கிக் கட்டிக் குடுத்ததும் அதே அத்த தான் மாமா.

கேஸ் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு குடுக்க மத்திய அரசு 2016ல ஆரம்பிச்ச உஜ்வாலா திட்டத்துல வாங்குன சிலிண்டர் மூலைல சாக்கு போத்திக் கெடக்கு, விருந்தாளி வந்தா டீ போட மட்டும். 14.2 கிலோ தீந்தா முழுப் பணத்தயும் கையில குடுத்து தான் எடுக்கணும், மானியம் பெறகு தான் பேங்க்ல விழும், கருவேலங்கட்ட கம்மாக்கரைல சும்மா கெடைக்குது. அதனால ஸ்டவ் வாங்கிக் குடுத்து போட்டோ எடுக்குற திட்டம் வேணவே வேணாம். சிலிண்டர் எடுக்க முன்பணம் குடுத்து, மானியம் வந்ததும் அந்தளவு திருப்பி வாங்கிக்கலாம், மிச்சத்த சங்கம் ஏத்துக்கட்டும். வெந்நீர் அடுப்பு எப்படியும் விறகு தான், அதுக்கு ஓட்டுக்கு மேல ஒசரமா புகைபோக்கி, மழைக்கு முன்னாடி பொளந்து அடுக்கி காயவைக்க ஒரு தகரக் கொட்டகை. ஈர வெறகு தான் கண்ண அவிச்சிரும்.

புகைபோக்கி வச்சா முடிஞ்சதுன்னும் இல்ல, அந்தப் புகை தெருவுக்குத் தான வருது. மார்கழி காலைல குளுந்த காத்து கீழயே படிஞ்சு நிக்கும், புகை மேல ஏறாது, கேஸ் வச்சிருக்குற வீட்டுப் புள்ளையும் அதத்தான் இழுக்குது. பிஎம் 2.5ங்குற, நுரையீரல் வரைக்கும் போற நுண்துகள் வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துக்கு 5 மைக்ரோகிராமத் தாண்டக்கூடாதுன்னு 2021ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு, நம்ம நாட்டுல 40 வரைக்கும் விட்டுருக்காங்க, ஜன்னல் இல்லாத அடுப்படில ஆக்குற நேரத்துல அது நூத்துக்கணக்குல போகும்.

நான் 15000 போடுறேன். தோஹா அண்ணே, கணக்க நீங்களே பாருங்க, ஒவ்வொரு சிலிண்டர் ரசீதும் போட்டோவா இங்கயே வரட்டும்.