இழை: தூங்குகிறவனுக்கு நனவு உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

பாரசீக மெய்யியலாளர் இப்னு சீனா (980–1037) பற்றி உளவியல் மாணவர்களுக்கு ஒரு பாடம் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கான்ஷியஸ்னஸுக்கு ‘நனவு’ என்று போட்டுப் பாதி தூரம் வந்த பிறகு மாட்டிக்கொண்டேன். தூங்குகிறவனும் குடித்துக் கிடப்பவனும்கூடத் தன்னைத் தவறவிடுவதில்லை, பிறகு அது நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான் என்கிறார் தம் ‘இஷாராத்’ நூலில். “நனவினால் நல்கா தவரைக் கனவினால்” என்று குறளில் நனவை விழிப்பு என்றே படித்த பிள்ளைகளிடம், தூங்குகிறவனுக்கும் நனவு உண்டு என்று எப்படி எழுத?
— ச.

> எப்படி எழுத?

பிரக்ஞை. போன வருடமே சொன்னேன்.
— வே.ரா.

வே.ரா. ஐயா, அதற்குப் பதில் ‘ஷுஊர்’ என்றே விட்டுவிடலாம். இப்னு சீனா அரபியில் எழுதிய சொல் அதுதான். நேர்த்தமிழ் ‘உணர்வு’. ஷிஃர் (கவிதை), ஷாயிர் (கவிஞர்), தலைமுடிக்கான ஷஃர் எல்லாம் ஒரே வேர். மயிரிழை நுட்பத்தை அறிவதே ஷுஊர் என்று விளக்குவோரும் உண்டு.
— மு.கா.

மு.கா. பாய், முடி இருக்கட்டும். உணர்தலுக்குத் துயிலெழுதல் என்றும் பொருள் உண்டே! நனவைத் துரத்திவிட்டு அதே திண்ணையில் வந்து உட்காருகிறோம். “ஊடல் உணர்தல் புணர்தல்” என்ற இடத்தில் அது ஊடல் தீர்வது வேறு.
— த.

இழை காமத்துப்பாலுக்குப் போய்விட்டது. எனக்கு வெள்ளிக்கிழமை.
— ச.

சரி, இப்னு சீனாவின் கற்பனைச் சோதனையான ‘பறக்கும் மனிதன்’ பகுதியைப் பாருங்கள். கண் மறைத்து, கைகால் ஒன்றையொன்று தொடாமல், காற்றும் உரசாமல் அந்தரத்தில் ஒருவன். உடம்பு இருப்பதே தெரியாது. தான் இருப்பது தெரியும். ‘தன்னுணர்வு’ பொருந்தாதா? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் (1890) வரும் பக்கங்களில் நனவே இருக்கட்டும். நனவோடை (எண்ண ஓட்டம்), நனவிலி (அறியாமல் இயங்கும் மனம்) எல்லாம் வேரூன்றிவிட்டன, பிடுங்க முடியாது.
— மு.கா.

வழிமொழிகிறேன். களைத்துவிட்டேன்.
— த.

எனக்கு உடன்பாடில்லை. இப்னு சீனாவும் ஜேம்ஸும் பேசுவது ஒரே பொருளையா என்பதுதானே பாடத்தின் கேள்வி? ஆளுக்கொரு சொல் கொடுத்தால் ‘இல்லை’ என்று நாமே விடை எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். பிரக்ஞையை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.
— வே.ரா.

ஐயா சொல்வது உறுத்துகிறது. ஆனாலும் இரண்டு சொல்லோடுதான் அனுப்புகிறேன். பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.
— ச.