அமெரிக்கப் பங்குக் கோயில்களுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு: நிறவெறியைத் தனியாகச் சுமக்காதீர்கள்

அமெரிக்காவில் வந்து இறங்கியதும் வீடு பார்க்க, வங்கிக் கணக்குத் தொடங்க, ஓட்டுநர் உரிமம் வாங்க வழி சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கோயிலுக்குள்ளேயே நிறத்தைப் பார்த்து ஒருவர் நம்மை ஒதுக்கினால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சென்ற வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "திருப்பலியில் சமாதானம் பகிரும்போது பக்கத்தில் நின்றவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி எனக்கு அடுத்தவருக்குக் கொடுத்தார். மூன்று ஞாயிறாக வேறு கோயிலுக்குப் போகிறேன், அண்ணா." அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் ஒரே பங்கில் 14 ஆண்டுகளாக இருக்கிறோம். முதல் 3 ஆண்டுகள் நானும் வாய் திறக்கவில்லை. அந்த 3 ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி பள்ளி நாளிலிருந்தே திருப்பலியில் வாசகம் வாசித்துப் பழகியவள். இங்கும் வாசகர் பட்டியலில் பெயர் கொடுத்தாள், இரண்டு முறை வாசித்தாள். அடுத்த மாதப் பட்டியலில் அவள் பெயரைக் காணவில்லை. கேட்டபோது, "உச்சரிப்பு புரியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள்" என்றார்கள். அந்தச் சிலர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதே பட்டியலில் அழுத்தமான ஐரோப்பிய உச்சரிப்போடு வாசிக்கும் பெரியவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் இருந்தார். அவரைப் பற்றி யாரும் முறையிட்டதில்லை.

அன்று திருப்பலி முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பங்கில் 40 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் கறுப்பின மூதாட்டி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் மனைவியின் அருகில் அமர்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார், பேனா மூடியைத் திறந்தார், "உன்னை எந்தத் தேதியில் நீக்கினார்கள்?" என்று கேட்டார். தேதி, எத்தனை மணித் திருப்பலி, யார் என்ன சொன்னார், யார் பார்த்தார் என்று நான்கு பத்திகளாகக் கோடு போட்டிருந்தார். பக்கம் பக்கமாக அவரது கையெழுத்து. ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது: கைக்குழந்தையோடு வந்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம் வாசலில் வரவேற்பவர், "உங்கள் கோயில் அடுத்த தெருவில் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் மறுபடி வரவேயில்லை என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை கோயிலின் கீழ்த்தளத்தில் அவர்கள் ஏழு பேர் கூடிவந்தார்கள். கறுப்பினத்தவர் மூவர், மெக்சிகோக் குடும்பத்தார் இருவர், ஒரு வியட்நாமியர், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர். எல்லாரும் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகள். நாங்கள் இருவரும் சேர்ந்தோம். கோபத்தோடு போய்ப் பங்குத்தந்தையின் கதவைத் தட்டவில்லை. நோட்டில் இருந்தவற்றுள் சாட்சி உள்ளவற்றை மட்டும் எடுத்து ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்திட்டு, நேரம் கேட்டுப் போனோம். பங்குத்தந்தை முதலில் மறுத்தார், பிறகு வருந்தினார், பிறகு பல வாரங்கள் ஒன்றும் செய்யவில்லை. மறுபடி போனோம். ஐந்து மாதம் ஆயிற்று. இன்று எங்கள் பங்கில் எல்லா வாசகர்களுக்கும் ஒரே பயிற்சி, பெயர் கொடுத்த வரிசைப்படி பட்டியல். வாசலில் வரவேற்பவர்களுக்கும் பயிற்சி உண்டு.

"சாமியார் முடிவு செய்வதுதானே, நாம் என்ன கேட்க முடியும்?" என்று நம்மில் பலர் தயங்குகிறார்கள். கேட்கலாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 212-ஆவது விதி, திருச்சபையின் நன்மையைத் தொடும் விஷயங்களில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது இறைமக்களுக்கு உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது. 215-ஆவது விதி, அன்புப் பணிக்காகச் சங்கம் அமைக்கவும் கூடவும் உரிமை தருகிறது. பங்குத்தந்தையோடு மக்களின் பிரதிநிதிகள் அமரும் பங்குப் பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லும், உத்தரவு போடாது. ஆனாலும் அங்கே உட்காருங்கள். வாசகர்கள் யார், மறைக்கல்வி ஆசிரியர்கள் யார், அரங்கம் யாருக்கு எந்த நாளில் கிடைக்கும் என்ற பேச்செல்லாம் பல பங்குகளில் அந்த மேசையில்தான் தொடங்குகிறது. ஸ்பானிய மொழித் திருப்பலிக்குக் கடைசி நேரத்தையும் குளிரூட்டி இல்லாத அரங்கத்தையும் ஒதுக்குவதை யாரும் நிறவெறி என்று அழைப்பதில்லை. அந்த மேசையில் ஒருவர் அப்படி அழைத்தால்தான் அது மாறும்.

ஆயர்களின் சொல்லும் நம் கையில் இருக்கிறது. அமெரிக்க ஆயர் பேரவை 1979-இலேயே நிறவெறியைப் பாவம் என்று எழுதியது. 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை நிறவெறியர்கள் ஊர்வலம் போன பிறகு இதற்கென்று தனிக்குழு அமைத்தது, 2018 நவம்பரில் மீண்டும் ஒரு மேய்ப்புப்பணிக் கடிதம் வெளியிட்டது. "அரசியலைக் கோயிலுக்குள் கொண்டுவராதீர்கள்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கொடுங்கள். எங்கள் குழு அதைத்தான் செய்தது.

இனி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் வந்து இந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை. கெண்டக்கி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த டேனியல் ரட் என்ற பொதுநிலையினர் 1886-இல் கறுப்பினக் கத்தோலிக்கர்களுக்காகப் பத்திரிகை தொடங்கினார், 1889 ஜனவரியில் வாஷிங்டனில் அவர்களின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அதில் திருப்பலி நிறைவேற்றிய கறுப்பினக் குரு அகஸ்டஸ் டோல்டன் அடிகளாரை, குருக்களுக்குப் பயிற்சி தரும் அமெரிக்கக் குருமடம் எதுவும் ஏற்காததால் அவர் உரோமையில் படித்து 1886-இல் குருப்பட்டம் பெற்றவர். கறுப்பினத்தவர் பின்வரிசையில் அமர்ந்து, வெள்ளையர் எல்லாரும் வாங்கிய பிறகே நற்கருணை வாங்க வேண்டும் என்ற வழக்கம் பல பங்குகளில் இருந்தது. இன்று நாம் விரும்பிய வரிசையில் உட்காருகிறோம் என்றால் அந்த இடத்தை வாங்கித் தந்தவர்கள் அவர்கள். நம் விசாவும் அப்படித்தான். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடங்களே இருந்தன. கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய பிறகு, 1965-இல்தான் அந்தச் சட்டம் மாறியது.

தாமஸ் வயட் டர்னர் என்ற தாவரவியல் பேராசிரியரின் கதையைப் புதிதாகக் குழுவில் சேரும் எல்லாரிடமும் சொல்கிறேன். கறுப்பினக் கத்தோலிக்கர்களின் கூட்டமைப்பை அவர் 1920-களில் கட்டி எழுப்பினார். கறுப்பினக் குழந்தைகளுக்குக் கத்தோலிக்கப் பள்ளியில் இடம், கறுப்பின இளைஞர்களுக்குக் குருமடத்தில் இடம் என்று கேட்டார். நல்லெண்ணம் கொண்ட வெள்ளைக் குருக்கள் உள்ளே வந்தார்கள். இன நல்லுறவுக்கான அமைப்பாக அதை மாற்ற விரும்பினார்கள், டர்னரோ கறுப்பினப் பொதுநிலையினரே அதை நடத்த வேண்டும் என்றார். 1932-இல் அமைப்பு பிளந்தது. உதவ வந்தவர்களின் கைக்குத் தலைமை போனால் அடிபட்டவரின் குரல் ஒதுங்கிவிடும். அதனால்தான் புதிதாகச் சேருகிறவர்களை முதல் ஆறு மாதம் கேட்கச் சொல்கிறேன். நாற்காலி போடுங்கள், குறிப்பெடுங்கள், கடிதம் தட்டச்சு செய்யுங்கள். நம்மவர்கள் படித்தவர்கள், வேகமாகத் திட்டம் போடுவோம். அந்த வேகத்தைக் கொஞ்சம் அடக்குங்கள்.

நம் பக்கத்துக் கறையையும் பேசியாக வேண்டும். இங்கே வந்த முதல் வாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை, "அந்தப் பக்கம் வீடு எடுக்காதே, கறுப்பர்கள் அதிகம்" என்பது. நான் தலையாட்டினேன், அதன்படியே செய்தேன். அந்த மூதாட்டியின் வீடு அந்தப் பக்கம்தான் என்று பின்னர் தெரிந்தபோது குறுகிப்போனேன். அந்த அறிவுரையை நீங்கள் அடுத்தவருக்குக் கடத்தாதீர்கள். தமிழ்த் திருப்பலிக்குப் பிறகு மெதுவாகச் சாதி விசாரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதற்காகவும் துன்புறுத்தப்பட்டு 1752-இல் உயிர்விட்ட தேவசகாயம் பொதுநிலையினர். 2022 மே 15 அன்று அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். அவர் படத்தை மாட்டியிருக்கும் அரங்கத்திலேயே சாதி கேட்பது எனக்குத் தாங்கவில்லை.

கேள்விகள் சில வந்திருக்கின்றன. கோயிலுக்கு வெளியே நடப்பவற்றைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அடி, மிரட்டல் என்றால் தாமதிக்காமல் 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள். நிறத்தையோ பிறந்த நாட்டையோ காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுத்தால் கூட்டரசின் வீட்டுவசதித் துறையில் ஓராண்டுக்குள் புகார் செய்யலாம், குடியுரிமை தேவையில்லை. வேலையிடம் என்றால் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் பொதுவாக 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். விசாவை நினைத்துப் பயந்து இந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஒரு சகோதரி கேட்கிறார்: கத்தோலிக்கப் பள்ளியில் மகளை நிறம் சொல்லிக் கேலி செய்கிறார்கள், "குழந்தைகள் விளையாட்டு" என்கிறார் ஆசிரியை. அம்மா, இன்றிரவே மகளிடம் நிதானமாகக் கேட்டு, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதுங்கள். நாளை முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சந்திக்க நேரம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், வேறொரு பெற்றோரையும் அழைத்துப் போங்கள். கறுப்பினப் பெற்றோர் யாராவது அந்த வகுப்பில் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள், அவர்கள் பிள்ளைக்கும் இது நடந்திருக்கக்கூடும். கேலியை நிறுத்த என்ன செய்வார்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மறைமாவட்டத்தின் பள்ளிகள் அலுவலகத்துக்கு அடுத்த கடிதம். அதை எழுத உதவி வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், என் மனைவியும் நானும் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.